கோப்பின் எழுத்தும் தலையெழுத்தும்

அயனம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து சற்றுத் தொலைவில் ஆவடி. அங்கேதான் 1965இல் விசயந்தா டாங்கி உருவெடுத்தது. அம்பத்தூர்ப் பட்டறைகளில் தொழில் பயின்ற இளைஞனுக்கு அத்தொழிற்சாலையின் வாயில், நல்வாழ்வின் வாயில். ஆனால், தேர்விலே வென்றால் மட்டும் போதாது. சான்றுப் படிவம் ஒன்றை நிரப்பவேண்டும். கைதானதுண்டா, வழக்குண்டா, தண்டனையுண்டா என்று அது கேட்கும். காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். படைக்கலம் செய்யும் இடம். விசாரணையே வேண்டாமென்று யாரும் கூறவில்லை. என்றோ செய்த பிழை என்றென்றும் வாயிலை அடைக்கலாமா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு. 1871இல் வெள்ளையர் ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றிற்று. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது சென்னை மாகாணத்திலும் புகுந்தது. திருடவேண்டியதில்லை, குறிப்பிட்ட குலத்தில் பிறந்தாலே போதும், கைரேகை பதிவாகும்! எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பேசிற்று. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுதும் 1952இலும் அச்சட்டம் மாய்ந்தது. பட்டியல் கிழிந்தது, பார்வை மாறியதா?

1930இல் வேதாரணியத்தில் உப்பெடுத்துச் சிறை சென்ற இராசகோபாலாச்சாரியார், 1948இல் கவர்னர் ஜெனரலானார். அது அரசியல் சிறை என்பர். ஆம்; ஆனால் அன்றைய ஆட்சியின் ஏட்டிலே அதுவும் குற்றந்தான்! மாளிகைக்குத் தடையாகாத சிறை, ஏழை எழுத்தர் வேலைக்கு மட்டும் தடையாவதா?

டெல்லிக் காவல்துறையில் வேலை கேட்ட இளைஞர் ஒருவர், இருபது வயதளவில் நேர்ந்த தகராறு வழக்கை விண்ணப்பத்தில் குறிக்கவில்லை. சமரசமாகி விடுதலை பெற்ற வழக்கு அது. தேர்வில் வென்றபின் சான்றுப் படிவத்தில் அவரே அதை எழுதினார். வேலை மறுக்கப்பட்டது. 2011இல் உச்சநீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பசித்த குடும்பத்துக்காக ரொட்டி திருடி, வாழ்நாளெல்லாம் திருடன் என்ற முத்திரையைச் சுமந்த ழான் வல்ழானை நினைவூட்டிற்று. விக்டர் யூகோ 1862இல் தந்த அக்கதையைத்தான் தமிழகம் 1950இல் ‘ஏழை படும் பாடு’ என்று திரையில் கண்டது. அவனுடைய மஞ்சள் நிறச் சீட்டுக்கு அஞ்சி விடுதிக் கதவுகள் மூடிய காட்சியை அந்நாவல் காட்டும். சீட்டின் நிறம் மாறியது, கதவு மாறவில்லை!

2016 ஜூலை 21 அன்று மூன்று நீதிபதிகள் நெறி வகுத்தனர். படிவத்தில் உண்மையே எழுதவேண்டும். இளம் வயதில் முழக்கமிட்டது போன்ற சிறு வழக்கை மறைத்திருந்தால், அதிகாரி அதைப் பொறுத்தருளலாம். பெருங்குற்றத்தை மறைத்தவர் வேலை இழக்கலாம். உண்மையைச் சொன்னவருக்கும் வேலை உறுதியன்று. அவர் கடந்த காலத்தை அரசு ஆராயலாம்.

தோழனே, மறைக்காதே! மறைப்பு, சிறு பிழையையும் பெரும்பழி ஆக்கிவிடும். ஆள்வோரிடம் நாம் கேட்பது சலுகை அன்று, நீதி. செயல் எது, வயது என்ன, கடந்த ஆண்டுகள் எத்தனை, அதன்பின் வாழ்ந்த வாழ்வு எப்படி என்று எடைபோட்டு முடிவுசெய்க! தலையெழுத்து அழியாதென்ற மூடநம்பிக்கையைத் தகர்க்கத் துணிந்தவர் நாம். காவல்நிலையக் கோப்பின் எழுத்தைமட்டும் அழியாததென்று வணங்குவோமா?