பல்லாவரத்துக் கல்லும் அத்திரம்பாக்கத்துக் களிமண்ணும்

1863 மே 30 அன்று பல்லாவரத்து ராணுவத் திடலருகே, சரளை தோண்டிய குழியிலிருந்து ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கைக்கோடரியை எடுத்தார். தாம்பரத்திலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். இந்தியப் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்குகிறது. நம்மிடம் அந்தக் கல் ஒரு தொன்மைச் சான்றிதழாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. கல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் அது கிடந்த மண்ணைப் பற்றிப் பேசுவதில்லை.

பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் சார்னோகைட் பாறை. கோடரியோ குவார்ட்ஸைட். ஆக, அது குன்றின் கல் அல்ல, வேறெங்கிருந்தோ வந்தது. கொண்டுவந்தது வெள்ளமா, கையா? சரளையில் கிடந்த ஒற்றைக் கல்லை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அங்கே மேலடுக்குகளுக்குக் கீழே பல மீட்டர் கனத்துக்குக் களிமண். டைனோசர் காலத்துப் படிவு என்று அதை வெகுகாலம் கருதியிருந்தார்கள். அப்படியானால் அதற்குள் மனிதனைத் தேடுவதே அபத்தம். 1999 முதல் சாந்தி பப்புவும் பின்னர் குமார் அகிலேஷும் நடத்திய அகழாய்வில் அந்தக் களிமண்ணுக்குள்ளேயே கைக்கோடரிகள் கிடைத்தன. சூழலைத் தவறாகப் படித்தால் மனிதனே கண்ணில் படாமல் போவான் என்பதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் தேவையில்லை.

களிமண் என்ன சொல்கிறது? மெல்லிய படலங்களாகப் படிந்திருப்பதால், கரை மீறிய வெள்ளம் வேகமடங்கி வண்டலை இறக்கிய இடம் அது. அத்தகைய நீர் பெரிய கற்களை உருட்டி வராது. எனவே அங்குள்ள குவார்ட்ஸைட்டைக் கொண்டுவந்தவை கைகள். பல்லாவரத்தில் கேட்க முடிந்த கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. களிமண்ணின் வெவ்வேறு மட்டங்களில் கருவிகள் கிடைப்பதால், அவர்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். கூடவே விலங்குகளின் குளம்புத் தடங்கள். குதிரையினம், மாட்டினம் உட்பட மூன்று பற்கள். ஈரமான, திறந்த வெளி என்று ஊகிக்கலாம். அதற்கு மேல் காடு வரைவது கற்பனை.

மண்ணில் புதைந்த குவார்ட்ஸில் காஸ்மிக் கதிர்கள் விட்டுச்சென்ற தனிமங்களின் சிதைவையும், படிவில் பதிந்த பழைய காந்தத் திசையையும் கொண்டு காலம் கணித்தார்கள். 2011இல் வெளியான முடிவு: சுமார் 15 லட்சம் ஆண்டுகள், குறைந்தது 10.7 லட்சம். அந்த அகழாய்வில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் நம் இனமான ஹோமோ ஸேப்பியன்ஸ் தோன்றுவதற்கு வெகு முந்திய காலம் அது. மொழி, குடி, இனம் என்ற நம் பெருமைகள் எதையும் அவர்கள்மேல் ஏற்ற முடியாது.

பல்லாவரத்தில் இன்று சரளைக்கு மேல் வீடுகள். அத்திரம்பாக்கத்தில் இன்னும் படிப்பதற்கு மண் இருக்கிறது.