புழுப்பாம்பு

புழுப்பாம்பு (இண்டோடிப்லாப்ஸ் பிராமினஸ்) மண்ணுக்குள் வாழும் நஞ்சற்ற சிறு பாம்பு. 1803இல் பிரெஞ்சு விலங்கியலாளர் தோதன் இதற்கு அறிவியல் பெயரிட்டார். நீளம் பெரும்பாலும் ஒரு சாணுக்குள்தான். குற்றாலச் சாரலில் நனையும் தென்காசி, இலத்தூர் வட்டாரத்தில் ஈரமண்ணிலும் பூந்தொட்டிக்கு அடியிலும் வாழ ஏற்ற சூழல் உண்டு. மண்புழு என்றே பலர் ஒதுக்கிவிடுவர். கூர்ந்து பார்த்தால் உடலில் வளையங்கள் இரா. பளபளக்கும் செதில்களும், செதிலுக்கு அடியில் கரும்புள்ளியாய்க் கண்ணும், வால்நுனியில் சிறு முள்ளும் தெரியும். அம்முள் குத்தினாலும் தீங்கில்லை. எறும்பு, கறையான்களின் முட்டை, புழு, கூட்டுப்புழுக்களே இரை.

இதன் தனிச்சிறப்பு இனப்பெருக்கமே. அறியப்பட்டவை எல்லாம் பெண் பாம்புகள். ஆணின்றியே முட்டையிட்டுப் பெருகும். அதனால் செடித்தொட்டி மண்ணோடு கப்பலேறிய ஒற்றைப் பாம்பே புதுநாட்டில் ஓர் இனக்கூட்டத்தைத் தொடங்கிவிட முடியும். ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா வரை இது பரவியது இப்படித்தான். வீட்டுக்குள் வந்தால் அடிக்க வேண்டியதில்லை. முறத்தில் அள்ளித் தோட்டத்தில் விட்டால் போதும்.