பல்லில் குடியிருந்த புழு

பல்வலி என்று முகத்தைப் பிடித்துக்கொண்டு வருபவரிடம் 'பூச்சி அரித்துவிட்டது' என்று சொல்வது நம் வீடுகளில் இன்றும் வழக்கம். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் அந்தப் பூச்சி உதிரும் என்ற கைவைத்தியத்தையும் நாம் கேட்டிருக்கிறோம். இந்நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று.

பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் பல்வலிக்கான மந்திரம் காணப்படுகிறது. அது படைப்பின் கதையிலிருந்து தொடங்குகிறது. வானம் பூமியைப் படைக்க, பூமி ஆறுகளைப் படைக்க, இறுதியில் சேற்றிலிருந்து புழு பிறக்கிறது. உணவு கேட்டுத் தெய்வங்களின் முன் அழும் அதற்குக் கனிந்த அத்திப்பழம் தரப்படுகிறது. புழுவோ அதை மறுத்து, பல்லுக்கும் ஈறுக்கும் இடையே குடியிருக்க இடம் கேட்கிறது. காரணம் புரியாத வலிக்கு மனிதன் கற்பித்த காரணம் இது.

ஐரோப்பாவில் இந்தப் புழு ஒரு வணிகமாகவே வளர்ந்தது. குரோசாணி ஓமத்தின் விதையைக் கனலில் இட்டு, அந்தப் புகையை நோயாளியின் வாயில் பிடிக்கச் செய்தனர் ஊர்சுற்றிப் பல் பிடுங்குவோர். அச்செடியில் மயக்கம் தரும் பொருள்கள் உள்ளமையால் வலி சற்றே தணிந்திருக்கவும் கூடும். ஆனால், சிலர் லூட் என்னும் இசைக்கருவியின் நரம்புத் துணுக்குகளை நீரில் நழுவவிட்டு, 'இதோ உன் புழு' என்று காட்டிப் பணம் பறித்தனர். 1597இல் வெளிவந்த தமது மூலிகை நூலில் ஜான் ஜெரார்ட் என்ற ஆங்கிலேயர் இந்த மோசடியை அம்பலப்படுத்தினார்.

1683இல் ஹாலந்து நாட்டின் லேவன்ஹூக், நாள்தோறும் உப்பிட்டுத் துலக்கிய தம் பற்களின் இடுக்கிலிருந்து சுரண்டிய வெண்படிவத்தை உருப்பெருக்கியில் நோக்கினார். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் அதில் நெளிந்தன. 1728இல் பாரிஸின் பியேர் ஃபோஷார், தாம் எத்தனையோ முயன்றும் சொத்தைப் பல்லில் புழுவைக் காணவில்லை என்று எழுதினார். பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கரான வில்லோபி மில்லர், 1890இல் வெளியிட்ட நூலில் விடையைத் தெளிவுபடுத்தினார்: வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் புளிக்கவைக்கின்றன, அதில் பிறக்கும் அமிலம் பல்லைக் கரைக்கிறது.

அப்படியானால் முன்னோர் சொன்ன பூச்சியும் நுண்ணுயிரும் ஒன்றுதானே என்று நம்மில் சிலர் வாதிடுவதுண்டு. இரண்டும் ஒன்றல்ல. புழு பல்லைத் தின்கிறது என்று நம்பியவர்கள் புழுவை வெளியேற்றவே முயன்றார்கள். தாம் உண்பதைப் பற்றி யோசிக்கவில்லை. நுண்ணுயிரோ பல்லைத் தின்பதில்லை. நாம் தின்பதையே அதுவும் தின்கிறது. அமிலம் பிறப்பது நம் தட்டிலிருந்துதான்.

குழந்தையின் கையில் மிட்டாயைத் திணித்துவிட்டு, பிறகு பூச்சியின் மேல் பழி போடுகிறோம். சொத்தை தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அந்த இடைவெளியில் நாம் புகை பிடித்துக் காத்திருந்தால், இழப்பது பல்லைத்தான்.