நாலு மீட்டருக்குள் ஆறடி மனுஷன்

வெளியூரில் வேலை பார்க்கும் நமக்குப் பொங்கல், தீபாவளி என்றால் பலகாரத்துக்கு முன்னால் டிக்கெட்தான் நினைவுக்கு வரும். 120 நாளாக இருந்த ரயில் முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்தார்கள். வெயிட்டிங் லிஸ்ட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது மட்டும் குறையவில்லை. அதனால்தான் நம் ஜனங்களில் பலர் "காரிலேயே போயிடலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். நான் இருக்கும் புனேயிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். கோலாப்பூர், ஹூப்ளி, சித்ரதுர்கா, பெங்களூர், சேலம் என்று ஒரே கோடாகப் போகலாம். ஆனால் ஒரே மூச்சில் போகக் கூடாது. நடுவில் ஒரு ராத்திரி எங்கேயாவது முதுகைச் சாய்த்தாக வேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது எல்லார் வீட்டிலும் இருக்கிற மாதிரி ஒரு காம்பாக்ட் எஸ்யூவி. சாப்பாட்டுக்கு ஒரு தாபாவில் நிறுத்தியபோது தங்கமணி ஒரு கேள்வி கேட்டார். "பார்க்க இவ்வளவு பெருசா இருக்கு, பின் சீட்டை மடிச்சாலும் காலை நீட்ட முடியலையே, ஏன்?"

நல்ல கேள்வி. பதில் மெத்தைக் கடையில் இல்லை, சரித்திரத்தில் இருக்கிறது. கொஞ்சம் பின்னோக்கிப் போய் வரலாம், வாங்க.

சாலை போட்டவனே படுக்கையும் போட்டான்

அசோகரின் ஏழாம் தூண் கல்வெட்டில் அவர் செய்த சாலைப் பணிகளின் பட்டியல் இருக்கிறது. ஆலமரம், மாந்தோப்பு, கிணறு, அப்புறம் வழிப்போக்கர் தங்க இடம். ஸ்கூலில் "அசோகர் சாலையோரம் மரம் நட்டார்" என்று படித்ததோடு விட்டுவிட்டோம். படுக்க இடமும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது.

1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர் ஷா, வடக்கே சாலை நெடுக இரண்டு கோசுக்கு ஒரு சராய் என்று கட்டினார். மொத்தம் 1,700 சராய் என்று பழைய வரலாற்று நூல்கள் கணக்குச் சொல்கின்றன. தண்ணீர், மாட்டுக்கும் குதிரைக்கும் தீனி, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி இடம், காவல் எல்லாம் உண்டு. டெல்லியில் இருக்கும் நம்ம ஆட்கள் கட்வாரியா சராய், பேர் சராய், லாடோ சராய், சராய் காலே கான் என்று தினமும் பஸ் போர்டில் பார்க்கிறார்களே, அந்தச் சராய் என்ற சொல் இதுதான்.

நம்ம பக்கம் இதற்குப் பெயர் சத்திரம். ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, திருச்சியின் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் என்று ஊர்ப் பெயரிலேயே படுக்கை விரித்து வைத்திருக்கிறோம். ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளோடு சேர்த்து அவர் கட்டிய சத்திரங்களையும் தென்பாண்டிச் சீமை இன்னும் பேசுகிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் பார்க்காதவர் யார்? தலையில் பாரத்தோடு நடப்பவன் யார் உதவியும் இல்லாமல் பாரத்தை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்ட ஊர் நம்முடையது. சாலை என்றால் நடக்கும் இடம் மட்டும் இல்லை, நிற்கும் இடமும் படுக்கும் இடமும் சேர்ந்ததுதான் சாலை என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

வெள்ளைக்காரன் காலத்தில் டாக் பங்களா, டிராவலர்ஸ் பங்களா வந்தன. நம்ம ஊர்களில் "டிபி" என்று சொல்வோமே, அதுதான். அது பெரும்பாலும் துரைமார்களுக்கும் அதிகாரிகளுக்கும். 1853-ல் பம்பாய் - தாணா, 1856-ல் ராயபுரம் - வாலாஜா ரோடு என்று ரயில் ஓட ஆரம்பித்த பிறகு நீண்ட தூரம் போகிற ஜனம் மெதுவாகத் தண்டவாளத்துக்கு மாறியது. படுக்கையும் கூடவே ரயில் பெட்டிக்குள் ஏறிவிட்டது. சாலையோரச் சத்திரங்களில் கூட்டம் குறைந்தது.

படுக்கையைக் கூடவே கொண்டுபோனவர்கள்

சாலையை விட்டு நகராதவர்கள் லாரிக்காரர்கள். அவர்களுக்கு இரண்டு படுக்கை. ஒன்று தாபாவின் கயிற்றுக் கட்டில். வட இந்திய நெடுஞ்சாலையில் சராய்க்கு வாரிசு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அந்தக் கட்டில்தான். சாப்பிட்டவன் கட்டிலுக்குத் தனிக் காசு தர வேண்டியதில்லை.

இரண்டாவது கேபின். இங்கேதான் நாம காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். :-) ரொம்ப காலம் லாரிக் கம்பெனிகள் இன்ஜினும் சேஸிஸும் மட்டும்தான் விற்றன. கேபினும் பாடியும் வெளியில் கட்டிக்கொள்ள வேண்டும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் பாடி கட்டும் பட்டறைகள் அப்படித்தான் வளர்ந்தன. பட்டறைக்காரருக்கு இந்த வண்டி அஸ்ஸாமுக்கும் காஷ்மீருக்கும் போகும், டிரைவர் அதிலேயே குடும்பம் நடத்துவார் என்று தெரியும். அதனால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கேபினின் முழு அகலத்துக்கும் ஒரு பலகை, மேலே ரெக்ஸின் போட்ட மெத்தை. படுக்கிற ஆளை மனதில் வைத்து எடுத்த அளவு அது. கிளீனருக்கு அந்த வசதிகூட இல்லை. கேபின் மேல் தார்ப்பாயை விரித்து வானத்தைப் பார்த்துத் தூங்குவார்.

சொகுசு என்று சொல்ல மாட்டேன். இன்ஜின் சூடு, கொசு, டீசல் வாடை எல்லாம் உண்டு. புது லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்ற விதி 2025-ல்தான் நடைமுறைக்கு வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் காலை நீட்ட முடிந்தது.

ஆம்னி செய்த அதிசயம்

இப்போது கார் பக்கம் வருவோம். 1984-ல் மாருதி வேன் வந்தது, பிறகு ஆம்னி என்று பெயர் மாறியது. நீளம் வெறும் 3,370 மி.மீ. இன்றைய காம்பாக்ட் எஸ்யூவியை விட இரண்டு அடி குட்டை. ஆனால் ஊர் ஊருக்கு ஆம்னிதான் ஆம்புலன்ஸாக ஓடியது. அதாவது ஒரு ஆள் நேராகப் படுக்கும் ஸ்டிரெச்சர் அதற்குள் போனது!

எப்படி? ஆம்னிக்கு மூக்கு கிடையாது. இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். கண்ணாடிக்கு முன்னால் வீணாகும் நீளம் அநேகமாக இல்லை. பின் சீட்டைக் கழற்றினால் தரை மட்டமாக இருக்கும். 1994-ல் வந்த டாடா சுமோவிலும், அதற்கு முந்தைய மகிந்திரா ஜீப் வகைகளிலும் பின்பக்கம் இரண்டு பெஞ்ச் எதிரெதிரே இருக்கும். நடுவில் சமதளம். அதில் ஜமக்காளம் விரித்து எத்தனை குழந்தைகள் தூங்கிக்கொண்டே பழனிக்கும் சபரிமலைக்கும் போயிருக்கும்!

பட்ஜெட்டில் கிழித்த கோடு

பிறகு வந்தது 2006. அந்த வருட பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சிறிய கார் என்றால் என்ன? நீளம் 4,000 மி.மீ.க்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். நெரிசல் மிகுந்த ஊர்களில் சின்ன வண்டி ஓடட்டும், இந்தியா சிறிய கார் உற்பத்திக்குக் கேந்திரமாகட்டும் என்பது நோக்கம்.

அந்தக் கோடு இந்தியக் காரின் உடம்பையே மாற்றியது. 2008-ல் டாடா இண்டிகோவின் வாலை வெட்டி இண்டிகோ சிஎஸ் வந்தது. 4,160 மி.மீ. இருந்த ஸ்விஃப்ட் டிசையர் 2012-ல் 3,995 ஆனது. 2013-ல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட், நீளம் 3,999. ஒரே ஒரு மில்லிமீட்டர் மிச்சம்! 2016-ல் விட்டாரா பிரெஸ்ஸா, 2017-ல் நெக்ஸான், 2019-ல் வென்யூ, 2020-ல் சோனெட். எல்லாம் 3,990-களில் வந்து நின்றன. ஜிஎஸ்டி வந்தும் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40 சதவீதம்.

தங்கமணியின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. எஸ்யூவி என்றால் உயரமான, நீண்ட பானெட் இருந்தால்தான் கம்பீரம். அதில் ஒரு மீட்டர் போய்விடும். மிச்சத்தில் முன் சீட்டு, பின் சீட்டில் கால் இடம், டிக்கி. உயரத்துக்கும் அகலத்துக்கும் வரிக் கோடு கிடையாது, அதனால் வண்டி மேலேயும் பக்கவாட்டிலும் வளர்ந்து பெரிதாகத் தெரிகிறது. நீளத்தில் மட்டும் வளர வழியில்லை. நாமக்கல் பட்டறையில் படுக்கிற ஆளை வைத்து அளவெடுத்தார்கள். இங்கே வரி அட்டவணையை வைத்து அளவெடுத்தார்கள்.

இருக்கிற இடத்தில் எப்படிப் படுப்பது?

படுக்கவே முடியாது என்று சொல்லவில்லை. சரித்திரம் தெரிந்தால் எங்கே இடிக்கிறது என்று தெரியும், அங்கே சரி செய்துகொள்ளலாம்.

நீளம்: பின் சீட்டை மடித்து, முன் சீட்டை முடிந்தவரை முன்னால் தள்ளினால் முன் சீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டாகும். அதுதான் நமக்குக் கிடைக்கும் உபரி நீளம். சூட்கேஸ்களை அதில் இறுக்கி அடுக்கி, மேலே ஒரு பிளைவுட் பலகை போட்டால் தலைப்பக்கம் தயார். அப்படியும் ஆறடி ஆள் கோணல்மாணலாகத்தான் படுக்க வேண்டும்.

மேடு: பல வண்டிகளில் பின் சீட்டு சமமாக மடியாது, டிக்கியை விட மேடாக நிற்கும். டிக்கிப் பக்கம் மடித்த போர்வை, ஜமக்காளம் அடுக்கி மட்டம் பாருங்கள். மெத்தை அதற்கு அப்புறம். மட்டம் இல்லாத இடத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெத்தையும் காலையில் இடுப்பைப் பிடிக்கும். சரிவில் நிறுத்தினால் தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும்.

காற்று: இதைக் கவனமாகப் படியுங்கள். பெட்ரோல், டீசல், சிஎன்ஜி வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். எதிரெதிர் ஜன்னல்களை ஓர் அங்குலம் இறக்கி, கொசுவலைத் துணியைக் காந்தத்தால் ஒட்டிவிட்டால் காற்றும் வரும், கொசுவும் வராது. மின்சாரக் காரில் புகை இல்லாததால் ஏசி போட்டுத் தூங்கலாம், காலையில் எத்தனை கிலோமீட்டருக்கு சார்ஜ் மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு.

மறைப்பு: கண்ணாடியில் ஒட்டும் கறுப்புப் படலத்தை 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. நிறுத்தியபின் மாட்டி, கிளம்பும்முன் கழற்றும் துணி மறைப்பு போதும்.

இடம்: நெடுஞ்சாலை ஓரத்தில் ஒருபோதும் வேண்டாம். நிற்கும் வண்டியின் பின்னால் லாரி மோதியதாக எத்தனை செய்தி படிக்கிறோம்! வெளிச்சமும் கழிப்பறையும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்க், பெரிய உணவகம் பார்த்து, அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

யாருக்குப் படுக்கை?

கடைசியாக ஒன்று. தங்க நாற்கரச் சாலை 5,846 கிலோமீட்டர், 2012-ல் முடிந்ததாக அறிவித்தார்கள். அருமையான சாலை, மறுக்கவில்லை. அது வேகத்தைக் கொடுத்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் கண் சொருகும்போது, வயதான அம்மாவோடும் குழந்தைகளோடும் பயமில்லாமல் ஒதுங்க ஓர் இடத்தை அதே அளவுக்குக் கொடுக்கவில்லை. சாலையோர வசதி மையங்களும், லாரி ஓட்டுநர்களுக்கு 'அப்னா கர்' தங்குமிடங்களும் இப்போதுதான் ஒவ்வொன்றாக வருகின்றன. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது 1961-ல்!

நம் காரில் மெத்தை விரிப்பது ஜாலியான விஷயம்தான். கூடவே அது, சாலை போட்டவன் செய்ய வேண்டிய வேலையைப் பயணி தன் டிக்கியில் தூக்கிக்கொண்டு போவதும்தான். லாரிக்காரர் ரொம்ப நாளாகத் தூக்குகிறார், நாம் இப்போது சேர்ந்திருக்கிறோம்.

அடுத்த வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஷோரூமுக்குப் போகும்போது கையில் ஒரு டேப் எடுத்துப் போங்கள். மைலேஜ் கேட்ட பிறகு பின் சீட்டை மடிக்கச் சொல்லி, வீட்டிலேயே உயரமான ஆளை ஏறிப் படுக்கச் சொல்லுங்கள். சேல்ஸ்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். சித்ரதுர்கா தாண்டி ராத்திரி இரண்டு மணிக்கு அவரா வந்து காலைப் பிடித்துவிடப் போகிறார்?