பரிசோதனை என்ற சொல் யாருக்குச் சொந்தம்? சிக்காகோ, 1965

வசந்தம் பிறந்தால் மேற்கத்திய இசைப் பத்திரிகைகளுக்கு ஒரு சடங்கு உண்டு. இந்தப் பருவத்தில் வரவிருக்கும் புதிய வாத்திய இசை, பரிசோதனை இசை, காத்திருந்து கேட்க வேண்டியவை இவை என்று பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியல்களில் ராஸ்கோ மிட்செல், வாடாடா லியோ ஸ்மித், ஹென்ரி த்ரெட்கில், ஆன்டனி ப்ராக்ஸ்டன் மாதிரியான பெயர்கள் இன்று எந்த உறுத்தலும் இல்லாமல் உட்கார்ந்துகொள்கின்றன. எல்லோரும் கறுப்பர்கள். எல்லோரும் எண்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். 'புதிய' என்ற தலைப்பின் கீழே இத்தனை கிழவர்களா என்று சிரிப்பு வரலாம். ஆனால் இதே ஆட்கள் இருபது சொச்சம் வயதில் இந்த இசையைத் தொடங்கியபோது அவர்களுக்கு இந்தத் தலைப்பின் கீழ் இடமில்லை. 'பரிசோதனை' என்ற சொல்லுக்கு அப்போது வேறு சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அந்தச் சொல் கைமாறிய கதையைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். கைமாறியது என்பதுகூட மரியாதைக்காகச் சொல்வது. பிடுங்கினார்கள்.

நவீன இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு மே மாதத்தில் தொடங்குவார்கள். 1913 மே 29, பாரீஸ், ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு', அரங்கில் கூச்சல், குழப்பம். அங்கிருந்து ஷோன்பெர்க், வெபர்ன், பிறகு அட்லாண்டிக்கைத் தாண்டி ஜான் கேஜ். 1952 ஆகஸ்டில் டேவிட் ட்யூடர் பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்து நான்கு நிமிடம் முப்பத்து மூன்று விநாடிக்கு ஒரு சுரமும் வாசிக்காமல் எழுந்துபோனது இந்தக் கதையின் உச்சகட்டம். நல்ல கதைதான். ஆனால் பெருங்கதையாடல்களுக்கு உள்ள வழக்கமான வியாதி இதற்கும் உண்டு: யாரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைச் சொல்லாமலே போய்விடும். நான் சொல்ல வந்தது இன்னொரு மே மாதம்.

1965 மே முதல் வாரத்தில் புலிட்சர் பரிசுகள் அறிவிக்கப்பட்டன. இசைக்கான நடுவர் குழு அந்த ஆண்டு தனிப் படைப்பு எதையும் தேர்ந்தெடுக்காமல், டியூக் எலிங்டனின் வாழ்நாள் பணியைப் பாராட்டிச் சிறப்பு விருது கொடுக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. மேலே இருந்த பரிசுக் குழு அதைத் தள்ளிவிட்டது. அந்த ஆண்டு இசைக்குப் பரிசே இல்லை. நடுவர்கள் மூன்று பேரில் இரண்டு பேர் ராஜினாமா செய்தார்கள். எலிங்டனுக்கு அப்போது 66 வயது. அவர் இறந்தது 1974-ல். 1999-ல், அவர் பிறந்து நூறாண்டு ஆனபோது, அதே புலிட்சர் அவருக்குச் சிறப்பு விருது கொடுத்துத் தன் கணக்கை நேர்செய்துகொண்டது. செத்தவருக்கு மாலை போடுவதில் எல்லா ஊர்களும் ஒரே மாதிரிதான்.

அதே மே மாதம் 8-ஆம் தேதி, சிக்காகோவின் தெற்குப் பகுதியில் ஃபில் கோரன் என்ற ட்ரம்பெட் கலைஞரின் வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது. தபால் அட்டை அனுப்பிக் கூட்டியிருந்தார்கள். கூட்டியவர்கள் நான்கு பேர்: கோரன், பியானோ கலைஞர்களான முஹல் ரிச்சர்ட் ஆப்ராம்ஸும் ஜோடி கிறிஸ்டியனும், டிரம்ஸ் வாசிக்கும் ஸ்டீவ் மெக்கால். இரண்டு சம்பவங்களுக்கும் காரண காரியத் தொடர்பு கிடையாது. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதலாவது மூடிய கதவு என்றும் இரண்டாவது அந்தக் கதவைத் தட்டவே போகாத ஆட்கள் என்றும் புரியும்.

ஏன் தட்டவில்லை? சிக்காகோவின் இசைஞர் தொழிற்சங்கத்தையே பார்க்கலாம். வெள்ளையருக்கு 10-ஆம் எண் கிளை, கறுப்பருக்கு 208-ஆம் எண் கிளை. 208 தொடங்கியது 1902-ல். இரண்டும் இணைந்தது 1966-ல்தான். நகரின் நடுவிலுள்ள நல்ல சம்பள வேலைகள் பெரும்பாலும் பத்தாம் எண்ணுக்கே போயின. தெற்குப் பகுதியில் கறுப்பர்களுக்குச் சோறு போட்ட 63-ஆம் தெரு கிளப்புகள் அறுபதுகளில் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த இடங்களில் பாட்டுப்பெட்டி வந்துவிட்டது. ஆக, வாசிக்க இடமில்லை. இடம் கிடைத்தாலும், குடிக்க வந்தவர்களுக்குத் தெரிந்த பழைய மெட்டைத்தான் வாசிக்க வேண்டும். ஜாஸ் என்றால் பொழுதுபோக்கு, கேளிக்கை, ராத்திரி. பரிசோதனை என்றால் பல்கலைக்கழகம், மானியம், பகல். இந்தப் பிரிவினை இசைக்குள்ளிருந்து வந்ததல்ல.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆப்ராம்ஸ் அறுபதுகளின் தொடக்கத்திலிருந்தே ஒரு பெரிய வாத்தியக் குழுவை ஒத்திகைக்காக நடத்திவந்தார். அதன் பெயரே 'எக்ஸ்பெரிமென்டல் பேண்ட்'. மேடைக்காகவோ கூலிக்காகவோ சேர்ந்த குழு அல்ல அது. யார் வேண்டுமானாலும் தான் எழுதியதைக் கொண்டுவரலாம், உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பார்கள். ஆப்ராம்ஸ் பெரும்பாலும் தானாகவே படித்துக்கொண்ட ஆள். ஷில்லிங்கரின் இசையமைப்பு நூல்களைப் பிடித்துக்கொண்டு தானும் கற்று மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார். மிட்செல், ஜோசஃப் ஜார்மன், த்ரெட்கில் எல்லோரும் இங்கே வந்து சேர்ந்த பையன்கள். 'பரிசோதனை' என்று கதவிலேயே எழுதி வைத்திருந்தும் உலகத்தின் கண்ணில் அது படவில்லை. மைக்கேல் நைமன் 1974-ல் பரிசோதனை இசையின் வரலாற்றை எழுதியபோதும் கேஜும் அவருடைய வாரிசுகளுமே அதை நிறைத்தார்கள்.

அந்த மே மாதக் கூட்டங்களை ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார்கள். பின்னாளில் சங்கத்தின் உறுப்பினரான டிராம்போன் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ் 2008-ல் வெளியிட்ட பெரிய வரலாற்று நூலில் அந்த நாடாக்களைக் கேட்டு எழுதியிருக்கிறார். தத்துவமாகப் பேசியிருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனால், சந்தா, தலைவர், யார் உறுப்பினர், கச்சேரியை யார் நடத்துவது என்ற பேச்சுதான் நிறைய. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்தப் பேச்சின் வாசனை நன்றாகவே தெரியும். ஆனால் நடுவில் ஒரு கேள்வி வந்து விழுகிறது. நம் மேடையில் என்ன வாசிப்பது? சொந்தமாக எழுதியதை மட்டும் என்று முடிவாகிறது. உடனே அடுத்த சிக்கல்: சொந்தம் என்றால் என்ன? தெரிந்த பழைய மெட்டைத் தன் பாணியில் வாசித்தால் அது சொந்தமா? இதில் எல்லோருக்கும் ஒரே கருத்து இருக்கவில்லை. கோரனே கொஞ்ச காலத்தில் விலகி வேறு வழி பார்த்துக்கொண்டார். ஆனாலும் விதி நின்றது. 1965 ஆகஸ்டில் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்தார்கள். படைப்பிசைஞர்களின் முன்னேற்றத்துக்கான சங்கம், ஏ.ஏ.சி.எம். பெயரில் ஜாஸ் என்ற சொல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

'சொந்தமாக எழுதியதை மட்டும்' என்ற இந்த விதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கேஜ் 1951-லிருந்து சீன ஆரூட நூலான ஈ சிங்கைக் கொண்டு, நாணயம் சுண்டிச் சுரங்களைத் தேர்ந்தெடுத்தார். தன் விருப்பு வெறுப்பை, தன்னையே, இசையிலிருந்து அழிப்பது அவர் நோக்கம். ரோலான் பார்த் 'ஆசிரியனின் மரணம்' எழுதியது 1967-ல். தொண்ணூறுகளில் தமிழில் நாமும் ஆசிரியனுக்குக் கருமாதி செய்தோம். அதில் நானும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன்தான். ஆனால் 'தான்' என்ற ஒன்றை இருக்கவே விடாத வரலாறு கொண்ட ஆளிடம் போய், உன்னை நீயே அழித்துக்கொள் அதுதான் விடுதலை என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? அழிப்பதற்கு முதலில் ஒரு கையெழுத்து வேண்டாமா? 1992-ல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது நம்மிடமும் இந்தக் கேள்விதான் எழுந்தது. ஆசிரியன் செத்துவிட்டான் என்று நாம் அறிவித்த அதே நேரத்தில், அதுவரை ஆசிரியராக இருக்க அனுமதிக்கப்படாத ஒருத்தி எழுத உட்கார்ந்திருந்தார்.

லூயிஸ் 1996-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைக் கோட்பாடாகவே வைத்தார். 1950-க்குப் பிந்தைய இசையில் இரண்டு மரபுகளை அவர் பிரித்துக் காட்டுகிறார். ஒன்றுக்குக் கேஜை அடையாளமாக வைக்கிறார், மற்றதற்குச் சார்லி பார்க்கரை. ஐரோப்பியச் சார்பான மரபில் 'தான்' கரைய வேண்டும். ஆப்பிரிக்கச் சார்பான மரபில் வாத்தியத்தின் வழியே ஒருவன் தன் கதையைச் சொல்ல வேண்டும். இது ரத்தத்தில் வருவதல்ல, வரலாற்றில் வருவது, எந்த நிறத்துக்காரரும் எந்த மரபிலும் வாசிக்கலாம் என்பதையும் அவர் தெளிவாகவே சொல்கிறார். மேம்போக்காகப் படித்தவர்கள் அதை விட்டுவிட்டு, இனவாதம் என்று கத்துவதுண்டு.

இந்த இசை கேட்க எப்படி இருந்தது? சங்கத்திலிருந்து வந்த முதல் தட்டு ராஸ்கோ மிட்செலின் 'சவுண்ட்', 1966. டெல்மார்க் என்ற சிறிய சிக்காகோ நிறுவனம் வெளியிட்டது. அதே காலத்து நியூயார்க் சுதந்திர ஜாஸ் ஒரு வெள்ளம். கோல்ட்ரேனின் 1965-ஆம் ஆண்டு 'அசென்ஷ'னில் பதினொரு பேர் மூச்சுவிடாமல் முழங்குவார்கள். அந்தக் காதோடு 'சவுண்ட்' கேட்க உட்கார்ந்தால் திடுக்கென்று இருக்கும். நிசப்தம். ஒரு ஹார்மோனிகா. மணி ஒன்று. கீச்சென்று ஒரு சாக்ஸஃபோன், மறுபடி நிசப்தம். குட்டி வாத்தியங்கள் என்று அவர்கள் பெயர் வைத்த விசில், மணி, ஊதல், பொம்மைக் கொட்டு எல்லாம் சாக்ஸஃபோனுக்குச் சமமாக உட்கார்ந்தன. பிற்பாடு த்ரெட்கில் கார்ச் சக்கரத்தின் மூடிகளைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு தாள வாத்தியமே செய்துகொண்டார். வாத்தியங்களுக்கிடையே உயர்ந்தது தாழ்ந்தது என்ற படிநிலையை இவர்கள் கோஷம் போட்டு உடைக்கவில்லை, வாசித்தே உடைத்தார்கள்.

ப்ராக்ஸ்டன் ஒரு படி மேலே போனார். 1971-ல் வெளிவந்த 'ஃபார் ஆல்டோ' இரட்டைத் தட்டு. முழுக்க ஒரே ஒரு ஆல்டோ சாக்ஸஃபோன், துணைக்கு யாரும் இல்லை. அதில் ஒரு துண்டு ஜான் கேஜுக்குச் சமர்ப்பணம். அமைதியின் தலைவருக்குச் சமர்ப்பணமென்றால் மென்மையாக இருக்கும் என்று நினைப்போம். காது கிழியும். அதை வணக்கம் என்று கேட்பதா வாக்குவாதம் என்று கேட்பதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. கேஜும் ஜார்மனும் 1965-லேயே சிக்காகோவில் ஒரே மேடையில் வாசித்திருக்கிறார்கள். ஆக, அறியாமை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. ப்ராக்ஸ்டனுக்கு அடி இரண்டு பக்கமும் விழுந்தது. வெள்ளை உலகத்தில் அவர் ஜாஸ்காரர். ஜாஸ் உலகத்தில் 'போதுமான அளவு கறுப்பாக' இல்லாதவர். படைப்புகளுக்குத் தலைப்புக்குப் பதில் கோட்டுப்படம் வரைந்து வைக்கிற மனுஷனை எந்த அலமாரியில் வைப்பது?

சங்கத்தின் பெரிய சாதனை எதுவென்று கேட்டால் தட்டுகளைச் சொல்ல மாட்டேன். சனிக்கிழமைப் பள்ளியைச் சொல்வேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இலவசம். உறுப்பினர்களே வாத்தியார்கள். சொந்தமாக எழுதவும் சொல்லிக்கொடுத்தார்கள். இசைக்கோவை எழுதுவது யாரோ செத்துப்போன ஐரோப்பியர்களின் வேலை என்ற எண்ணம் அந்தப் பிள்ளைகளுக்கு வரவே விடவில்லை. மேடைக்கு நாற்காலி போட்டது, சுவரொட்டி அடித்தது, டிக்கெட் விற்றது எல்லாம் இசைஞர்களேதான். பரிசோதனை செய்ய ஓர் அறை வேண்டும், நேரம் வேண்டும், தப்பாக வாசித்தாலும் எழுந்து போகாத நாலு பேர் வேண்டும். மற்றவர்களுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்ததை இவர்கள் சந்தாக் காசில் கட்டிக்கொண்டார்கள்.

குறைகளை மறைத்து எழுதுவது வரலாறாகாது. ஆரம்ப ஆண்டுகளில் சங்கம் கிட்டத்தட்ட முழுக்க ஆண்களின் சங்கம். அமினா க்ளாடின் மையர்ஸ் போல ஒருவர் இருவரே பெண்கள். ஒரு பெண், புல்லாங்குழல் கலைஞர் நிக்கோல் மிட்செல், சங்கத்தின் தலைவராக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வெள்ளையர் ஒருவர் உறுப்பினராக இருந்து, அறுபதுகளின் பிற்பகுதியில் வெளியேற்றப்பட்டார். அது கடினமான தீர்மானம். தனிக் கூரை வேண்டும் என்ற தேவையை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு மனிதர் கொடுத்த விலையை எளிதாகக் கடந்துபோக எனக்கு முடியவில்லை.

வறுமையும் சும்மா இருக்கவில்லை. த்ரெட்கில்லை ராணுவம் வியட்நாமுக்கு இழுத்துப்போனது. ஜார்மனின் குழுவில் பியானோ வாசித்த க்ரிஸ்டஃபர் கேடி 1968-லும், பாஸ் வாசித்த சார்ல்ஸ் கிளார்க் 1969 வசந்தத்திலும் இறந்தார்கள். கிளார்க்குக்கு வயது 24. தனியாகிப்போன ஜார்மன், மிட்செல், லெஸ்டர் போவி, மலாக்கி ஃபேவர்ஸ் ஆகியோருடன் சேர்ந்துகொண்டார். அந்த நால்வரும் 1969-ல் பாரீஸுக்குக் கப்பலேறினார்கள். 'ஆர்ட் ஆன்ஸாம்பிள் ஆஃப் சிக்காகோ' என்ற பெயர் அங்கேதான் நிலைத்தது. சொந்த ஊரில் கூட்டம் சேர்க்கத் திணறியவர்களுக்கு, ஸ்ட்ராவின்ஸ்கிக்குக் கூச்சல் போட்ட அதே நகரம் மேடை கொடுத்தது. முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு அவர்கள் வாசித்ததைக் காட்டின் குரல் என்று ரசித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். போவி அந்த வண்ண முகங்களுக்கு நடுவில் ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ட்ரம்பெட் ஊதினார். பரிசோதனை யாருடையது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான பதிலை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

2016-ல் இசைக்கான புலிட்சர் த்ரெட்கில்லுக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டில், லூயிஸ் சிக்காகோவின் சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் 'ஆஃப்டர்வேர்ட்' என்ற ஆபராவை அரங்கேற்றினார். அதன் வரிகளுக்கு அந்த 1965 கூட்டங்களின் பேச்சையும் எடுத்துக்கொண்டார். மூன்று பாடகர்கள். யாரும் ஆப்ராம்ஸாகவோ கோரனாகவோ வேஷம் கட்டவில்லை, பேச்சு ஒரு குரலிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு வீட்டு அறையில் தபால் அட்டை பார்த்து வந்து உட்கார்ந்த ஆட்கள், சொந்த இசை என்றால் என்ன என்று ஒருவரையொருவர் இடைமறித்துக் கேட்டுக்கொண்டது, ஐம்பது ஆண்டு கழித்துப் பாட்டாக நின்றது.