"ஆமா" போடும் குரல்: சுப்பு ஆறுமுகமும் நம்ம பக்கத்து வில்லும்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பேரன் வந்திருந்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி போனில் ஏதோ பாட்டுப் போட்டான். ஒரு தடித்த குரல் பேசுகிறது, பாடுகிறது, பாடும்போது சுருதி எங்கேயோ போகிறது. "என்னடே இது, பாடத் தெரியாதவனைப் போய்க் கேக்கே?" என்றேன். "தாத்தா, அவரு வேணும்னேதான் அப்படிப் பாடுதாரு. சிரிக்கத்தான்" என்றான்.

அந்த மனிதர் பிஸ் மார்க்கி. அமெரிக்க ராப் பாடகர். 1964இல் நியூயார்க்கில் ஹார்லெமில் பிறந்தவர். முதலில் வாயாலேயே தாளம் போடுகிறவராக, மற்றவர்கள் பாடும்போது பக்கத்தில் நின்று தொழிலுக்கு வந்தவர். 1989இல் 'ஜஸ்ட் எ ஃபிரெண்ட்' என்ற ஒரு பாட்டால் உலகம் முழுக்கத் தெரிந்தார். ஏமாந்துபோன காதலன் தன்னைத்தானே கேலி செய்துகொள்கிற பாட்டு. மற்ற ராப் பாடகர்கள் மார்தட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர் தன்னையே கோமாளியாக்கிக்கொண்டார். பழைய பாட்டு ஒன்றின் துண்டை அனுமதியில்லாமல் எடுத்துச் சேர்த்தார் என்று 1991இல் வழக்கு வந்து தோற்றார். அடுத்த ஆல்பத்துக்கு 'எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கியாச்சு' என்று பொருள்படும்படி பெயர் வைத்தார்! 2021இல் காலமானார்.

பேரன் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "உங்க காலத்துல இப்படி யாராவது உண்டா தாத்தா?" என்று கேட்டான். உண்டு. சத்திரம் புதுக்குளத்துக்காரர் ஒருவர் உண்டு. அவரை நானே பல வருஷம் மட்டமாக நினைத்திருக்கிறேன். அதைத்தான் இன்று எழுத வந்தேன்.

வில்லுப்பாட்டை இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் அநேகமாகப் பள்ளி ஆண்டுவிழாவில்தான் பார்த்திருப்பார்கள். உண்மையில் அது கொடைக்கு உரியது. பங்குனி, சித்திரையில் சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் முத்தாரம்மனுக்கும் கொடை நடக்கும்போது, பந்தலில் நீளமான வில்லைக் கிடத்தி, அதன் நடுப்பாகத்தை மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். வில்லில் மணிகள் தொங்கும். புலவர் (நம்ம பக்கத்தில் அண்ணாவி என்றும் சொல்வோம்) இரண்டு வீசுகோலால் நாணை அடித்துக்கொண்டே கதை பாடுவார். குடக்காரர் ஒரு கையில் விசிறி மாதிரி இருக்கும் பத்தியால் குடத்தின் வாயில் அடிப்பார். நெஞ்சுக்குள் இறங்குகிற 'கும்' என்ற சத்தம் அது. உடுக்கு ஒருவர், தாளம் ஒருவர், கட்டை ஒருவர். காப்பில் ஆரம்பித்து வாழி பாடி முடிக்க விடிந்துவிடும்.

பாடுகிற கதைகளில் பாதிக்கு மேல் அநியாயமாகச் செத்தவர்களின் கதை. நம்ம பாபநாசம் மலைமேல் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறானே முத்துப்பட்டன், அவன் பிராமணனாகப் பிறந்து, சக்கிலியப் பெண்கள் இருவரைக் கட்டி, மாடு களவாட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன். அந்தக் கதையைத் தேடி எடுத்துப் பதிப்பித்தவர் நம்ம நாங்குநேரி நா. வானமாமலை. எழுபதுகளின் இறுதியில் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் இந்தப் பக்கத்துக் கொடைகளில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கேட்டு, 1988இல் ஒரு புத்தகமே எழுதினார். கதையில் சாவு வருகிற கட்டத்தில்தான் கோமரத்தாடிக்குச் சாமி வரும்.

இவ்வளவு பயங்கரமான விஷயத்தில் சிரிப்புக்கு எங்கே இடம்? அங்கேதான் இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்குப் பாய் விரித்துப் படுத்திருக்கும் கூட்டத்தை எழுப்ப வேண்டாமா? அதற்கு இருக்கிற ஆயுதம் "ஆமா." புலவர் ஒரு வாக்கியம் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். வெறும் தலையாட்டல் மாதிரித் தோன்றும். ஆனால் கேலி முழுக்க அந்தக் குரலில்தான். உதாரணத்துக்கு நானே ஒன்று கட்டிச் சொல்கிறேன்:

"தாமிரபரணி வத்தாத ஆறு."
"ஆமா!"
"பொதிகையில பொறந்து..."
"ஆமா!"
"புன்னைக்காயல்ல கடல்ல சேருது."
"ஆமா!"
"அதனால நம்ம தெருக் கொழாயில தண்ணிக்குப் பஞ்சமே இல்ல."
"..."
"ஏம்டே, ஆமா போடலியே?"
"தொண்டை காஞ்சு போச்சு அண்ணாச்சி. கொஞ்சம் தண்ணி குடுத்தா போடுதேன்."

சிரிப்பு வருவது புலவரின் வரியிலா? இல்லை. வராமல் போன அந்த ஒரு "ஆமா"வில். ராப்பிலும் பிரதானப் பாடகருக்குப் பக்கத்தில் நின்று வரிக்கு வரி குரல் கொடுக்கிறவர் ஒருவர் உண்டாம், பேரன் சொன்னான். வாயால் தாளம் போட்ட பிஸ் மார்க்கி நம்ம குடக்காரருக்குச் சித்தப்பா முறை ஆக வேண்டும்.

இப்போது சுப்பு ஆறுமுகம் ஐயாவுக்கு வருவோம். 1928இல் பிறந்தவர். சிறு வயதிலேயே கவிதை கட்டியவர். நாற்பதுகளின் இறுதியில் இவரைக் கண்டெடுத்துச் சென்னைக்குக் கூட்டிப்போனவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரரான கலைவாணருக்கு வில்லுப்பாட்டு சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. நாடகக் கம்பெனிக்குப் போகுமுன்பே வில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையில் இருந்து 1947இல் விடுதலையாகி வந்தவர், காந்தி கதையை வில்லில் பாட ஆசைப்பட்டார். எழுத ஆள் வேண்டியிருந்தது. நெல்லைப் பையன் ஒருவன் கிடைத்தான். (கொத்தமங்கலம் சுப்பு வேறு. அவரும் காந்தி மகான் கதையை வில்லில் பாடியவர்தான். இரண்டு சுப்புவையும் ஒன்றாக்கி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.)

காந்தி கதையை வில்லில் பாடியதை நான் முன்பு ஒரு பிரசார வேலையாகவே நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. நல்லவன் ஒருவன் அநியாயமாகக் கொல்லப்படுகிறான், ஜனங்கள் அவனைக் கும்பிடுகிறார்கள். இது கொடைக் கதையின் இலக்கணமே அல்லவா? 1948 ஜனவரிக்குப் பிறகு காந்தியின் வாழ்க்கை தானாகவே வில்லுக்கு ஏற்ற கதையாகிவிட்டது. நாகர்கோவில்காரருக்கும் திருநெல்வேலிக்காரருக்கும் அது எட்டியதில் ஆச்சரியம் இல்லை.

கலைவாணரிடம் இன்னொரு பாடமும் இருந்தது. ஜனங்களுக்குப் பழகிப்போன ஒரு அச்சை எடுத்து, அதில் புது விஷயத்தை ஊற்றுவது. 'நல்லதம்பி' (1949) படத்தில் வருகிற கிந்தனார் காலட்சேபம் நினைவிருக்கிறதா? நந்தனார் சரித்திரத்தின் அச்சு. ஆனால் கிந்தனார் ஏங்குவது சிதம்பரத்துக்கு அல்ல, படிப்புக்கு. காலட்சேபம் கேட்டுப் பழகிய காதுக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் சிரிப்பு. பிஸ் மார்க்கி அடுத்தவர் பாட்டின் துண்டை எடுத்ததற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தது. நம்ம வில்லுக்காரர்கள் போன வாரம் வந்த சினிமா மெட்டில் இந்த வாரம் இசக்கி கதையைப் பாடுவார்கள். மெட்டு தெரிந்ததனால்தானே கேலி புரிகிறது!

கலைவாணரின் 19 படங்களுக்கும் நாகேஷின் 60 படங்களுக்கும் நகைச்சுவைப் பகுதிகள் எழுதியவர் சுப்பு ஆறுமுகம் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. சினிமாவில் எழுதுகிறவன் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது? கலைவாணர் 1957இல் மறைந்தார். அதன் பிறகு சுப்பு ஆறுமுகத்தை நாம் அறிந்தது வில்லோடுதான். வானொலி, சபா, கோயில் திருவிழா, பிறகு தொலைக்காட்சி. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் வந்தது. எங்கள் வீட்டு ரேடியோவில் 'தந்தனத்தோம்' கேட்டால் அம்மா அரிவாள்மணையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள்.

நான் கொடுக்கவில்லை. விடிய விடிய நடந்ததை அரைமணி நேரமாக்கிவிட்டார், கோமரத்தாடி இல்லை, ரத்தம் இல்லை, ஆர்மோனியமும் தபேலாவும் சேர்ந்துவிட்டன, நம்ம பேச்சைச் சென்னைக்காரனுக்குப் புரியும்படி வெளுத்துவிட்டார், இது என்ன வில்லு? வரலாற்று ஆசிரியன் என்ற கர்வம் வேறு. அந்தக் குறைகளில் இப்போதும் பாதி உண்மைதான் என்று நினைக்கிறேன். சாமி வராத வில்லில் ஏதோ ஒன்று போய்விடுகிறது. ஆனால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "ஆமா"வை விடவில்லை. பழைய பதிவுகளைத் தேடிக் கேட்டுப் பாருங்கள். அவர் ஒரு நீதியைச் சொல்ல வரும்போது பக்கத்தில் ஒரு குரல் குறுக்கே கேள்வி கேட்கும். உபதேசம் உபதேசமாக விழாமல் அந்தக் குரல் தாங்கிக்கொள்ளும். மகள் பாரதி திருமகன் அந்த வரிசையில் உட்கார்ந்து வளர்ந்தவர், இப்போது தானே நடுவில் அமர்ந்து வில்லடிக்கிறார். கொடை வில்லில் பெண்கள் பாடியது உண்டு என்றாலும், சென்னை சபா மேடையில் அதைப் பழக்கமான காட்சியாக்கியதில் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த "ஆமா"வின் மதிப்பு எனக்குத் தெரிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

எண்பதுகளில் என் எட்டாம் வகுப்பில் ஒரு பையன். பங்குனி வந்தால் செவ்வாய்க்கிழமை ராத்திரி கழிந்து புதன்கிழமை வகுப்பில் தூங்குவான். ஒரு நாள் எழுப்பி, "என்னலே, ராத்திரி களவாங்கப் போனியா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. "வில்லுக்குப் போனேன் சார். எங்கப்பா குடம் அடிக்காங்க" என்றான். "வில்லு சோறு போடுமாலே?" என்று பெஞ்சு மேல் ஏற்றினேன். சாயங்காலம் வரை நின்றான். அந்தக் கேள்விக்கு அவன் வீட்டில் வில்லுதான் சோறு போட்டுக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான் காரணமா, வறுமை காரணமா என்று இன்றைக்கு வரைக்கும் அவன் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து என் மாமனார் ஊர்க் கொடை. அம்பாசமுத்திரம் பக்கம். ராத்திரி ஒரு மணி இருக்கும். ராமர் பிள்ளைப் பருவத்தில் வசிட்டரிடம் படிக்கப் போன கட்டத்தைப் புலவர் பாடிக்கொண்டிருந்தார். குடத்துக்குப் பின்னால் மீசை வைத்த ஒரு வாலிபன். முன்வரிசையில் இருந்த என்னை ஒரு தடவை பார்த்தான். "வசிட்டர் ரொம்ப நல்ல வாத்தியார்" என்றார் புலவர். "ஆமா" வரவில்லை. புலவர் திரும்பிப் பார்த்தார். இவன் நிதானமாகக் கேட்டான்: "அண்ணாச்சி, அங்கயும் தூங்குனா பெஞ்சு மேல ஏத்துவாங்களா?"

பந்தல் அதிர்ந்தது. விவரம் தெரிந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பிறகு நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. அவன் உடனே குடத்தில் ஓங்கி ஒரு அடி அடித்து "ஆமா!" என்றான். கதை மேலே போயிற்று. ஏழெட்டு வருஷக் கணக்கை ஒரே வரியில் தீர்த்துவிட்டு, என்னையும் கூட்டத்தோடு சிரிக்க வைத்து, புலவரின் கதையையும் அறுக்காமல் ஒப்படைத்தான். இதை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் எனக்குச் சொல்லித்தரவில்லை. விடிந்ததும் அவனைத் தேடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "சார், காப்பி குடிக்கீகளா?" என்றான், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் சுப்பு ஆறுமுகத்தின் வில்லை ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தேன். அவர் பாடுவதைவிட அவருக்குப் பக்கத்தில் கேட்கும் குரலைக் கவனித்துக் கேட்டேன்.

1975இல் கலைமாமணி, 2005இல் சங்கீத நாடக அகாதமி விருது, 2021இல் பத்மஸ்ரீ. 'உத்தம வில்லன்' (2015) படத்துக்குக் கமல்ஹாசன் வில்லுப்பாட்டைத் தேடியபோது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த இவரிடம்தான் போனார். 2022 அக்டோபர் 10இல் சென்னையில் காலமானார். 94 வயது.

பேரனுக்கு அவருடைய வில்லுப்பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிஷம் பேசாமல் கேட்டான். பிறகு, "தாத்தா, அந்த 'ஆமா' சொல்றவரு யாரு? அவருதான் செமையா இருக்காரு" என்றான்.

பங்குனியில் மாமனார் ஊரில் கொடை. நம்ம பையனுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, இன்னமும் குடம் அவன்தான். வருகிறவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் சாப்பிடலாம். பத்து மணிக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் பதினொன்றுக்குக் காரை எடுத்துவிடாதீர்கள். கேலியெல்லாம் பன்னிரண்டுக்கு மேல்தான் ஆரம்பிக்கும். வாத்தியார்மார் யாராவது வந்தால் முன்வரிசையில் உட்கார வேண்டாம்.