லம்பாடிப் பூத்தையல் இரண்டு முறை பிறந்த கதை

1791 ஜூலையில், திப்பு சுல்தானை எதிர்த்து வந்த ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படை ஓசூர்க் கோட்டையைப் பிடித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் தீனியும் மாடும் இல்லாமல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து அதே படை திரும்பி வந்திருந்தது. அது மறுபடி கிளம்பத் தெம்பு கொடுத்தவர்கள் பொதிமாட்டு வணிகர்களான லம்பாடிகள். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளில் தானியம் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு வந்தார்கள். மைசூர்ப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் பீரங்கிகளைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். படைக்குச் சோறு போட்ட மாடுகளையும் அவற்றின் பின்னால் நடந்த பெண்களையும் நாம் பேசியதே இல்லை.

லம்பாடிப் பூத்தையல் அந்த நடையோடு வளர்ந்தது. வழியிலேயே வாழ்கிறவர்களுக்குச் சொத்து என்பது மாடும் துணியும்தான். துணியை அடுக்கி நெருக்கமாகத் தைத்தால் பொதி தாங்கும். அதே தையல் மாட்டின் நெற்றித்துணியிலும் பணப்பையிலும் குடம் வைக்கும் சும்மாட்டிலும் ஏறியது. பெண்கள் உடுத்திய பேட்டியா என்ற பாவாடையிலும், முதுகு திறந்த காஞ்சளி ரவிக்கையிலும், சோழியும் காசும் கோத்த முக்காட்டிலும் அது முழு அழகையும் காட்டியது. முன்கூட்டி எதையும் வரைவதில்லை. துணியின் இழையைக் கண்ணால் எண்ணி ஊசி குத்துவார்கள். வேலே, கீலன், ரேலோ, நக்ரா என்று ஒவ்வொரு தையலுக்கும் பெயர் உண்டு. துணியில் பதிக்கும் கண்ணாடி வில்லையில் துளை கிடையாது. முதலில் குறுக்கும் நெடுக்கும் நூலை ஓட்டி வில்லையைச் சிறைப்படுத்தி, பிறகு அந்த நூல்களைப் பிடித்துக்கொண்டே சுற்றிலும் தைத்து வருவார்கள். விளிம்பு மூடி, நடுவில் வட்டம் மட்டும் மின்னும்.

ரயில் வந்ததும் பொதிமாட்டுக்கு வேலை போயிற்று. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பல இடங்களில் இவர்கள் மீதும் பாய்ந்தது. தண்டா எனப்படும் தங்கள் குடியிருப்புகளில் நிலைத்து, நிலத்தில் இறங்கினார்கள். கண்ணாடி வைத்த உடையைப் பார்த்ததும் ஊரார் அவர்களைத் தனியாக அடையாளம் கண்டார்கள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பெண்கள் புடவைக்கு மாறினார்கள். தையல் அருகிப்போனதற்குத் திறமைக் குறைவு காரணமே அல்ல. கூச்சம்தான் காரணம் என்பேன். தாய் உடுத்தாததை மகள் எதற்குக் கற்பாள்?

தருமபுரி மாவட்டத்தில், அரூரைத் தாண்டி சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் 1993இல் அங்கே பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை தொடங்கினார்கள். லம்பாடித் தண்டாக்களில் பழைய தையல் தெரிந்த பாட்டிமார் ஓரிருவர்தான் மிஞ்சியிருக்கிறார்கள் என்று லலிதா கண்டார். 2006இல் அந்தப் பாட்டிமாரை ஆசிரியர்களாக உட்காரவைத்து இளம்பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியதுதான் இன்றைய 'போர்கை' அமைப்பு. லம்பாடி மொழியில் அதற்குப் பெருமை என்று பொருள். அக்கம்பக்கத்துப் பெண்கள் திருப்பூர் மில்லுக்கும் ஓசூர் சிப்காட்டுக்கும் பஸ் ஏறும்போது, இவர்கள் வயல் வேலைக்கு நடுவே வீட்டிலிருந்தபடியே மெத்தை உறையும் பையும் குர்த்தாவும் தைத்துச் சம்பாதிக்கிறார்கள்.

எல்லைக்கு அப்பால், லம்பாடிகளை லம்பாணிகள் என்று அழைக்கும் கர்நாடகத்தில், சண்டூர் லம்பாணித் தையலுக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023 ஜூலையில் ஹம்பி ஜி20 கூட்டத்தில் 1,755 லம்பாணிப் பொருள்களைக் காட்சிக்கு வைத்து கின்னஸ் சாதனை செய்தார்கள். இதே போன்ற கதை வெளிநாட்டிலும் உண்டு. ஹங்கேரியில் மெசோகோவெஷ்ட் ஊரின் மத்யோ மக்கள், உடையின் ஜிகினாவுக்காக ஏழைகள் கடன்படுகிறார்கள் என்று 1925இல் அதைப் பிடுங்கி எரித்தார்கள். அவர்களுடைய பூத்தையலை யுனெஸ்கோ 2012இல் தன் பட்டியலில் சேர்த்தது. அங்கேயும் அன்றாட உடை போய்விட்டது, தையல் பிழைத்தது.

பேட்டியாவை யாரும் அன்றாடம் உடுத்தப்போவதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் கைத்தையலுக்கு மெஷின் விலை பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பை வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மெஷின் தையலில் பெரும்பாலும் அடிநூல் ஒரே நிறமாக ஓடியிருக்கும். கைத்தையலில் முன்பக்கத்து நிறங்களே பின்பக்கமும் இருக்கும், நூல் முடிந்த இடங்களோடு.